அரைப்பேர்

முதல் கூட்டம் காலை பத்து மணிக்கு என்று
கம்பனி கடிதம் போட்டிருந்தது.
மஞ்சக்கல் தோட்டம், மேற்பிரிவு, பிள்ளை மடுவம்.
அறுபது பிளாஸ்டிக் கதிரைகளுக்கு
வந்தது பதினொரு பேர்,
அதில் நால்வர் தொட்டிலில்.

நான் ஹட்டனிலிருந்து போன மொழிபெயர்ப்பாளன்.
நாளுக்கு ஆறாயிரம், சாப்பாடு, பஸ் காசு.
"மக்களுக்கு அக்கறை இல்லை" என்று
பொறியியலாளர் தினுக்க குறிப்பேட்டில் எழுதினார்.
அதை மொழிபெயர்க்க யாரும் கேட்கவில்லை.

கூடையை இறக்காமல் வாசலில் நின்றாள் யோகமலர்:
"பத்து மணிக்கு வந்தா அரைப்பேர் போகும் சார்.
ஆத்தத் தருவீங்களான்னு கேக்க
எங்க கூலியையும் சேத்தா கேப்பீங்க?"

அரைப்பேருக்குச் சிங்களம் கிடைக்காமல்
ஒரு பகலை
கையால் இரண்டாக வெட்டிக் காட்டினேன்.
அவர் பேனாவை மூடினார், திறந்தார்.

இரண்டாம் கூட்டம் மாலை நிறுவைக்குப் பிறகு.
மழை. கதிரை போதவில்லை.
கொழுந்துக் கறை விரல்களுக்குள் படிவங்கள்:
பெயர், முகவரி, காணி உறுதி இலக்கம்.
நான்கு தலைமுறை இருந்தும்
பத்து பேர்ச் எழுதித் தராத மலையில்
அந்தக் கட்டத்தை என்ன செய்வது?
ஆளாளுக்கு ஈ.பி.எப். இலக்கத்தை எழுதினார்கள்.
கம்பனிக் கணினி
அதையும் ஏற்றுக்கொண்டது.

கோட் போட்ட சட்டத்தரணி சொன்னார்:
காணி தோட்டத்தினுடையது, தோட்டம் கையெழுத்திட்டாயிற்று,
உங்களிடம் கேட்கத் தேவையே இல்லை.
"அப்ப ஏன் வந்தீங்க?"
தினுக்க அவரை முந்திக்கொண்டார்:
"கடன் தர்ற பேங்க் கேக்குது."
யாரோ சிரித்தார்கள்.
அன்று மடுவத்துக்குள் சொல்லப்பட்ட
முதல் நேர்மையான வாக்கியம் அதுதான்.

"கம்பி எங்க கூரைக்கு மேல போகும்.
கூரைக்குள்ள வருமா?"
கேட்டவன் சுதாமன், கொழும்புக் கடையிலிருந்து லீவில் வந்தவன்.
அது மின்சார சபையின் விஷயம் என்றார் சட்டத்தரணி.
சிங்களத்தில் நீளமாக இருந்த அந்தப் பதில்
என் வாயில் ஒற்றைச் சொல்லானது:
வராது.
சட்டத்தரணிக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். என்னை முறைத்தார்.

அதன் பிறகுதான் யோகமலர் என் பக்கம் திரும்பினாள்.
"ஒங்க சம்பளம் யாரு குடுக்குறா?"
கம்பனி என்றேன்.
"பாதிய நாங்க தர்றோம்."

அறுபத்து நான்கு வீடு, வீட்டுக்கு ஐம்பது ரூபாய்.
தேயிலைப் பையில் கட்டித் தந்தார்கள்.
இருநூறு கூடுதலாக இருந்தது,
பஸ் காசாம்.
அன்று இரவு ஒப்பந்தத்தைத்
திரும்ப வாசித்தேன்,
இந்த முறை கடைசிப் பக்கத்திலிருந்து.
"இயன்றவரை" என்ற சொல் ஒன்பது இடத்தில்.

மூன்றாம் கூட்டத்தில் ஒன்பதும் வெட்டப்பட்டன.
சுதாமன் கேட்ட கம்பிக்கு மட்டும்
கம்பனி பிடி கொடுக்கவில்லை.
"பரிசீலிக்கப்படும்" என்று எழுதி
என்னிடம் தமிழாக்கத் தந்தார்கள்.
தமிழாக்கினேன். வெட்கமாக இருந்தது.

ஆனால் வறட்சியில் ஆற்றில் விட வேண்டிய நீருக்கு
மீற்றர் வேண்டாம் என்றாள் யோகமலர்.
"மீற்றர் ஒங்க ரூமுக்குள்ள இருக்கும்.
துவைக்கிற கல்லுல கோடு போடுங்க."
நாடாவின் ஒரு முனை அவளிடம், மறுமுனை தினுக்கவிடம்.
காலணியைக் கழற்றாமலே
அவர் தண்ணீரில் இறங்கினார்.
வெள்ளைப் பெயின்ட். கோடு சற்றுச் சாய்ந்துதான் வந்தது.

மார்ச்சில் நீர் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே போனது.
அவளே தினுக்கவுக்குப் போன் எடுத்தாளாம்.
நடுவில் நான் இல்லை.
அவள் சிங்களமும் அவர் தமிழும்
இரண்டு விரலுக்குப் போதுமாயிருந்தது.

மடை திறக்க நான்கு மணி நேரம் ஆனது.
எத்தனை மணிக்குள் திறப்பதென்று
நான் வாசித்த எந்தப் பக்கத்திலும் இல்லை.
எனக்கும் தோன்றவில்லை.

"நாலு மணி நேரம் லேட்டு.
இன்னைக்கு ஒங்களுக்கு அரைப்பேர்தான்" என்றிருக்கிறாள்.
அவருக்கு உடனே விளங்கியதாம்.

நாலாம் கூட்டம் வியாழன், நிறுவைக்குப் பிறகு.